கதவு தட்டப்பட்ட இரவு
(டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு)

மூன்றாம் ஆண்டு, வரலாற்றுத் துறை

உயிருக்குப் போராடும் ஒருவர் அருகில் இருந்தவர்களுக்குத்தான் காலத்தின் அருமை தெரியும். தேர்வுக் கூடத்தில் கடைசி மணி அடிக்கும்போது நாம் உணரும் காலம் வேறு. அந்தக் காலம் வேறு.

என் அம்மிச்சிக்கு ஒரு தமக்கை இருந்தார். காங்கயத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்துச் சாளைக்குத் தலைப்பிரசவத்துக்காக வந்திருந்தார். வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன. ஊர் மருத்துவச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். சவாரி வண்டியைப் பூட்டித் தாராபுரத்துக்குப் புறப்பட்டார்கள். பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அம்மிச்சி இந்தக் கதையை இதற்கு மேல் சொல்லமாட்டார். மாடுகள் எவ்வளவு வேகமாக ஓடின என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

இதுபோன்ற ஒரு கதை இல்லாத குடும்பம் நம் கொங்கு நாட்டில் அரிது. கொங்கு நாட்டில் மட்டுமா? தமிழகம் முழுவதுமே அன்று அப்படித்தான் இருந்தது. அத்தகைய சாவுகள் மூன்றினை ஒரே இரவில் கண்டு, அந்த இரவின் கணக்கைத் தீர்ப்பதற்காகவே அறுபது ஆண்டுகள் உழைத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் இங்கே சொல்ல விழைகிறேன். அவர்தாம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார்.

மருத்துவக் குடும்பத்தில் மருத்துவம் வேண்டாத பெண்

ஐடாவின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தில் தமிழ் மக்களிடையே மருத்துவம் செய்தவர். பின்னர்ச் சென்னைக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய மக்களும் பேரர்களும் வழிவழியாகத் தமிழகத்தில் மருத்துவப் பணியும் சமயப் பணியும் ஆற்றினர். அந்த மரபில், இராணிப்பேட்டையில் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் ஐடா பிறந்தார். தந்தையார் பெயரும் ஜான் ஸ்கடர், அவரும் மருத்துவரே.

ஐடா சிறுமியாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் நாட்டைச் சூறையாடியது. இன்றும் நம் பக்கத்துக் கிழவர்கள் பஞ்சம் என்றால் தாது வருடத்தைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எலும்பும் தோலுமாய் வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைத் தன் பிஞ்சுக் கைகளால் கொடுத்தவர் சிறுமி ஐடா. அக்காட்சி அவர் உள்ளத்தில் இரக்கத்தை ஊட்டியிருக்கும் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அது அச்சத்தையே ஊட்டியது. வெயிலும் பட்டினியும் சாவும் நிறைந்த இந்த நாட்டைவிட்டுத் தொலைவில் இருக்கவேண்டும் என்றே அவர் விரும்பினார். அமெரிக்காவில் படித்தார். குறும்பும் அழகும் நிறைந்த பெண் அவர். ஒரு நல்ல மணவாழ்வே அவருடைய கனவாக இருந்தது. குடும்பத்தில் இத்தனை மருத்துவர்கள் இருந்தது போதும், தானும் ஒருத்தி வேண்டியதில்லை என்பது அவருடைய எண்ணம்.

பெரியோர் வரலாறுகளை எழுதும்போது, அவர்கள் தொட்டிலிலேயே பெருமைக்குரியவர்களாகப் பிறந்ததுபோல் எழுதுவது நம் வழக்கம். ஐடாவின் வரலாற்றில் அது பொருந்தாது. அவர் ஓட நினைத்தவர். ஓடியவரைத் தடுத்து நிறுத்தியது ஓர் இரவு.

மூன்று முறை தட்டிய கதவு

1890இல் தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. தாயைக் கவனித்துக்கொண்டு விரைவில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடன் ஐடா கப்பலேறினார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தனர்.

சில காலம் சென்றபின் ஓர் இரவு, ஐடா விளக்கொளியில் தனியே அமர்ந்திருந்தார். கதவு தட்டப்பட்டது. வெளியே ஓர் அந்தண இளைஞர் நின்றார். அவருடைய மனைவி, பதினான்கு வயதே ஆனவள், பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சிகள் கைவிட்டுவிட்டனர். ஐடா தன் தந்தையாரை அழைத்துச் செல்லும்படி சொன்னார். ஆனால் அந்த இளைஞர் தேடி வந்தது பெண் மருத்துவரை. அயல் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை அவருடைய குல வழக்கம் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். தந்தையாருடன் தானும் துணையாக வருவதாகச் சொல்லிப் பார்த்தார். பயனில்லை. அந்த இளைஞர் திரும்பிச் சென்றுவிட்டார்.

சிறிது நேரத்தில் கதவு மீண்டும் தட்டப்பட்டது. இம்முறை வந்தவர் ஓர் இசுலாமியர். அதே துயரம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாம் முறையும் கதவு தட்டப்பட்டது. வந்தவர் மற்றோர் இந்து. அவரும் அவ்வாறே திரும்பினார்.

பொழுது விடிந்தது. தெருவில் பறையொலி கேட்டது. ஐடா ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

தந்தையாரின் கைப்பெட்டியில் அவர்களைக் காக்கும் கருவிகள் சில இருந்தன. அவற்றை ஆளத் தெரிந்த கையும் அதே வீட்டில் இருந்தது. நோயாளியும் அடுத்த தெருவில்தான் இருந்தாள். இடையில் நின்றது ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை மாற்ற நூறாண்டு ஆகலாம். அதுவரை கதவைத் தட்டும் பெண்கள் காத்திருப்பார்களா? வழக்கத்தை ஏசிக்கொண்டிராமல், அந்த வழக்கத்தைத் தாண்டி உள்ளே செல்லக்கூடிய ஒரு பெண் மருத்துவராகத் தானே ஆகிவிடுவது என்று ஐடா முடிவு செய்தார். காலையில் பெற்றோரிடம் தன் முடிவைச் சொன்னார்.

நாழிகைகள் செய்யும் வேலை

அந்த மூன்று பெண்களும் எதனால் இறந்தார்கள் என்பதை மருத்துவக் கண்கொண்டு பார்த்தவர் எவரும் இல்லை. ஆயினும் பேறுகாலத்தில் தாயைக் கொல்லும் பகைகள் எவை என்பது இன்று நன்கு தெரியும். குழந்தை குறுக்கே கிடப்பதாலோ, இடுப்பெலும்பு குறுகியிருப்பதாலோ வழி அடைபட்டுப் போதல் ஒன்று. பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காமல் உதிரம் பெருகுதல் மற்றொன்று. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருதல் மூன்றாவது. அழுக்குக் கைகளாலும் கருவிகளாலும் கிருமி புகுந்து காய்ச்சல் காணுதல் நான்காவது.

இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கடிகாரம் உண்டு. வழி அடைபட்ட பேறு இரண்டு மூன்று நாள் இழுத்துக்கொண்டே போகும். கருப்பை கிழிவதற்குமுன் ஆயுதம் போட்டோ, வயிற்றைத் திறந்தோ குழந்தையை எடுத்துவிட்டால் தாய் பிழைப்பாள். உதிரப்போக்கு அப்படியன்று. நல்ல உடல்நலம் உள்ள பெண்ணும் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோக நேரிடும். எனவே வந்து நிற்பவர், எந்தக் கடிகாரம் ஓடுகிறது என்பதை முதலில் கண்டுகொள்ளவேண்டும்.

இன்றைய அவசரச் சிகிச்சைப் பிரிவுகளின் அடிப்படைப் பாடமும் இதுவே. நோயின் பெயரைத் தேடுவது பிறகு. மூச்சுவழி திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, இரத்த ஓட்டம் நிலைத்திருக்கிறதா, நினைவு இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்து, எது முதலில் உயிரைப் பறிக்குமோ அதை முதலில் தடுப்பதே முறை. இந்த வரிசையைப் பாடமாக எழுதி வைத்தது பிற்காலம். ஆனால் திண்டிவனத்தில் அந்த மூன்று ஆடவர்களும் ஏந்தி வந்த விளக்கின் ஒளியில் அதன் தேவை எழுதப்பட்டிருந்தது.

பட்டமும் பணமும்

ஐடா அமெரிக்கா சென்று முதலில் பிலடெல்பியாவின் மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பின்னர், நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது அங்கே சேர்ந்து 1899இல் பட்டம் பெற்றார். பட்டம் மட்டும் போதுமா? மருத்துவமனை வேண்டாமா? புறப்படுவதற்குமுன் நிதி திரட்டினார். ஷெல் என்னும் வங்கியாளர் ஒருவர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலரை வழங்கினார். ஒரு பெண்ணின் சாவைப் பற்றிய துயரமே பல பெண்களின் வாழ்வுக்குப் பொருளாயிற்று.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையாரிடம் சில ஆண்டுகள் உடனிருந்து தொழில் பழகலாம் என்று நம்பியிருந்தார். ஆனால் சில மாதங்களிலேயே தந்தையார் காலமானார். முப்பது வயது நிரம்பாத அந்தப் பெண் தனியே நின்றார்.

ஒற்றை அறை மருந்தகம்

வீட்டின் ஒரு சிற்றறையே முதல் மருந்தகம் ஆயிற்று. முதலில் நோயாளிகள் வரவில்லை. வெள்ளைக்காரப் பெண், அதிலும் இளவயதினர், அவரிடம் என்ன கைராசி இருக்கும் என்று ஊரார் தயங்கினர். ஒருவர் குணமாகவே மற்றொருவர் வந்தார். பின்னர்க் கூட்டம் தாங்கவில்லை. முதல் இரண்டாண்டுகளில் பல்லாயிரம் பேர் அந்தச் சிற்றறைக்கு வந்து சென்றனர்.

உதவிக்கு யார் இருந்தார்கள்? வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமி இருந்தார். படித்த செவிலியர் எவரும் அங்கே இல்லை. அறுவை செய்யும்போது கருவிகளைக் கொதிக்கவைத்து எடுத்துத் தந்தவர் சலோமிதான். மருத்துவ வரலாற்று நூல்களில் சலோமி போன்றோருக்கு ஒரு வரிதான் கிடைக்கும். அந்த ஒரு வரியை நாம் இங்கே மறவாமல் எழுதிவிடுவோம்.

அந்தக் காலத்து மருத்துவரின் கைப்பெட்டியை எண்ணிப் பாருங்கள். குளோரோபாரமும் ஈதரும் உண்டு. கிருமியைக் கொல்ல லிஸ்டர் காட்டிய வழியும் உண்டு. ஆனால் பெனிசிலின் இல்லை; சல்பா மருந்துகள்கூட 1930களில்தான் வந்தன. இரத்தத்தில் வகைகள் உண்டு என்பதை லாண்ட்ஸ்டைனர் 1901இல்தான் வெளியிட்டார். ஆகவே உதிரம் இழந்தவருக்கு உதிரம் ஏற்றும் வழியும் இல்லை. மருந்து குறைவாக இருந்த அந்நாளில், மருத்துவரின் கண்ணும் கையும் விரைவுமே பெருமருந்துகளாக இருந்தன.

1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை நாற்பது படுக்கைகளோடு எழுந்தது. அதே நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தென்னாட்டில் பரவியது. கோவை நகரம் அதனால் பட்ட பாட்டுக்கு, இன்றும் இங்கே வழிபாட்டில் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்களே சான்று. அம்மை வந்தாலும் பிளேக் வந்தாலும் அம்மனிடம் ஓடுவதைத் தவிர மக்களுக்கு அன்று வேறு கதி என்ன இருந்தது? பக்தியைக் குறை சொல்லி என்ன பயன்? ஓடிச் செல்ல மற்றோர் இடமும் இருக்கவேண்டும் அல்லவா? அந்த மற்றோர் இடத்தைத்தான் ஐடா வேலூரில் கட்டிக்கொண்டிருந்தார்.

மரத்தடி மருத்துவம்

மருத்துவமனை கட்டியாயிற்று, ஆனால் கிராமத்தார் அங்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நோயாளியிடம் மருத்துவம் போனால் என்ன? வாரம் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் ஐடா புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டி. 1909 வாக்கில் ஒரு சிறிய பெஜோ மோட்டார் வண்டி. அந்த வண்டியைக் கண்டு ஊர் மக்கள் பேய் என்று அஞ்சி ஓடினார்களாம். பழகியபின், இன்ன மரத்தடியில் இன்ன நேரத்தில் டாக்டரம்மா வருவார் என்று வழிநெடுகக் காத்திருக்கத் தொடங்கினர். சீழ்க்கட்டி, கண்ணோய், பாம்புக்கடி, தொழுநோய், எல்லாம் அந்த மரத்தடிக்கு வந்தன. நோய் முற்றும்முன் கண்டுபிடித்தால் அவசரமே நேராது என்பது அந்தச் சாலையோர மருந்தகங்கள் கற்பித்த பாடம்.

கதவுக்குப் பல கைகள்

ஆனால் ஒரு பெண் எத்தனை கதவுகளுக்குப் போக முடியும்? ஓர் இரவில் மூன்று கதவுகள் தட்டப்பட்டால்? ஐடா தன் வாழ்வில் கண்ட பேருண்மை இதுதான். தான் ஒருத்தி மருத்துவர் ஆனது அந்த இரவின் கேள்விக்குப் பாதி விடைதான். மறுபாதி, இந்த மண்ணின் பெண்களே மருத்துவர் ஆவது.

1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மாகாண மருத்துவத் தலைவராக இருந்த ஆங்கில அதிகாரி நம்பவில்லை. மருத்துவம் படிக்க எத்தனை பெண்கள் வரப்போகிறார்கள்? ஆறு பேர் கிடைத்தால் தொடங்கலாம் என்று இசைவு தந்தார். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில் அப்போதைய சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். எல்.எம்.பி. என்னும் பட்டயத்துக்கான படிப்பு அது.

முதலாண்டுத் தேர்வு வந்தது. மாகாணத்தின் மற்றப் பள்ளிகளில் ஆடவர்களில் ஐவரில் ஒருவர்தான் தேறுவது வழக்கம். எனவே ஒருவரும் தேறாவிட்டால் மனம் தளரவேண்டாம் என்று அதே அதிகாரி முன்கூட்டியே ஆறுதல் சொல்லி வைத்திருந்தார். முடிவு வெளிவந்தது. வேலூரிலிருந்து தேர்வெழுதிய 14 பெண்களும் தேறியிருந்தனர்! தேர்வு முடிவுக்காக அறிவிப்புப் பலகை முன் நெஞ்சு படபடக்க நின்ற நம்மைப் போன்றோருக்கு அந்த மகிழ்ச்சி எத்தகையது என்று விளக்கவேண்டியதில்லை.

எழுபது வயதில் ஒரு சோதனை

1930களின் இறுதியில் பேரிடி ஒன்று விழுந்தது. எல்.எம்.பி. படிப்பு இனி இல்லை, பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தவேண்டும் என்று மாகாண அரசு விதித்தது. அதற்குப் புதிய கட்டடங்களும் ஆய்வுக்கூடங்களும் பேராசிரியர்களும் வேண்டும். பெருநிதியும் வேண்டும். இல்லையேல் மூடவேண்டும். எழுபது வயதைத் தாண்டிய அம்மையார் உலகப் போருக்கு நடுவே அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார்.

இன்னொரு வேதனையும் வந்தது. ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, எல்லாத் திருச்சபைகளும் கூடி நடத்தும் கல்லூரியாக மாற்றினால்தான் அது பிழைக்கும் என்ற நிலை. பெண்களுக்கென்றே பொருள் தந்த பழைய ஆதரவாளர் சிலர் இதைத் துரோகமாகக் கருதினர்; நெடுநாள் நட்பும் முறிந்தது. அம்மையார் என்ன செய்தார்? பெண்களுக்கென்று தொடங்கியதைப் பிடிவாதமாகக் காத்து மூடிவிடுவதா? கதவைத் திறந்துவிட்டுத் தொடர்ந்து நடத்துவதா? அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புத் தொடங்கியது, 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். அவர் செய்தது சரிதானா என்று கேட்போர் இருக்கலாம். கதவைத் தட்டுபவருக்கு உள்ளே ஒருவர் இருக்கவேண்டும் என்பதே அவருடைய ஒரே அளவுகோல். அந்த அளவுகோலின்படி அவர் தவறவில்லை.

பொறுப்புகளை அடுத்தவரிடம் ஒப்படைத்தபின் கொடைக்கானலில் வாழ்ந்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் ஒன்று தவறாமல் அவரிடம் வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். 1960ஆம் ஆண்டு மே மாதம், தம் 89ஆம் வயதில், கொடைக்கானலில் இயற்கை எய்தினார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் தொடங்கிய கல்லூரியின் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

இன்று

இன்று நம் நிலை என்ன? கோவையில் 1966இல் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது. பெருந்துறையிலும் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. 2008 முதல் 108 வண்டிகள் தமிழகச் சாலைகளில் ஓடுகின்றன. அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளி நுழைந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரித்து, சிவப்புக்கு உரியவரை முதலில் கவனிக்கிறார்கள். அவசர மருத்துவம் ஒரு தனிப் படிப்பு என்பதை 2009இல் இந்திய மருத்துவக் கழகம் ஏற்றுக்கொண்டது. 2018 முதல் 2020 வரையிலான அரசுக் கணக்குப்படி, தமிழகத்தில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, இறக்கும் தாய்மார் 54 பேர். நாடு முழுவதற்குமான எண் 97.

54 என்பது சிறிய எண் என்று நாம் மகிழலாம். மகிழவும் வேண்டும். ஆனால் அந்த 54 வீடுகளிலும் ஒரு விடியற்காலை உண்டு. அந்த எண்ணைக் குறைப்பது மருத்துவர்களின் வேலை மட்டுமன்று. வலி கண்டவரை இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே புறப்படச் செய்வது யார்? மருத்துவமனை வண்டிக்குச் சாலையில் வழிவிடுவது யார்? இரத்தம் வேண்டும் என்ற செய்தி வந்தவுடன் கையை நீட்டுவது யார்? கலைக் கல்லூரியில் படிக்கும் நாம்தாம். நம்மில் பலர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடப்போவதில்லை. ஆயினும் கதவு தட்டப்படும் ஒலி நம் காதிலும் விழும்.

ஐடா அம்மையாரின் கதையை அம்மிச்சிக்கு ஒருநாள் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, அந்த டாக்டரம்மா தாராபுரத்தில் இருந்திருந்தால் வண்டி நேரத்துக்குப் போயிருக்குமா என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மாடுகள் வேகமாகத்தான் ஓடின என்று மட்டும் சொன்னேன்.